பாட்டி கேமராவைப் பார்க்கட்டும்

இந்த இதழின் கேள்விகள் அத்தனையும் ஜவ்வாது மலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. பொருள் ஒன்றே: உருவப்படத்தில் பார்வை.

உருவப்படத்தில் கண்தான் எல்லாமா? மூக்கு, வாய் எல்லாம் சும்மாவா?
– கல்லூரி மாணவி, திருப்பத்தூர்

சும்மா இல்லை. கண் எங்கே பார்க்கிறது என்று நமக்குக் காட்டிக்கொடுப்பதே மூக்குதான். பல்லேடியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன், 1824இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் இதைப் படம் போட்டே நிரூபித்தார். ஒரு முகத்தில் கண்களைத் தொடவில்லை. அதற்குக் கீழே இருக்கும் மூக்கு, வாய், தாடை மட்டும் வேறு பக்கம் திரும்பியதாக மாற்றினார். கண் மயிரிழைகூட மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள் நமக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கத் தொடங்கின.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய வார இதழ்களில் சற்றே இடப்பக்கம் திரும்பிய முகம் ஒன்று, வலப்பக்கம் திரும்பிய முகம் ஒன்று, ஏறக்குறைய ஒரே அளவில் தேடுங்கள். முதல் படத்தின் கண் பட்டையை மட்டும் கத்தரித்து இரண்டாவது முகத்தின்மேல் வையுங்கள். அந்தப் பட்டை ஊர் மாறிய ஆள் போலப் பேச ஆரம்பிக்கும். கண்ணை மட்டும் பெரிதாக, அழகாக வரைந்துவிட்டுப் பார்வை வரவில்லையே என்று தவிக்கிறவர்கள் கழுத்தையும் மூக்கையும் போய்ப் பார்க்க வேண்டும்.

மாலை போட்ட தாத்தா படம், முன்னறையில் எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பார்க்கிறதே!
– போளூர்

ஸ்டூடியோவில் தாத்தா லென்ஸை நேராகப் பார்த்தார், அவ்வளவுதான். சிலையாக இருந்தால் நீங்கள் பக்கவாட்டில் நகரும்போது ஒரு கன்னம் மறையும், மறு காது தெரியும், அவர் பார்வையிலிருந்து நீங்கள் விலகிவிடுவீர்கள். தட்டையான படத்தில் அது நடக்காது. எந்தக் கோணத்தில் நின்றாலும் அதே இரண்டு கன்னமும், அதே நடுக்கண்மணியும். ஆகவே நேரே பார்த்த படம் எல்லோரையும், எப்போதும், நேரேயே பார்க்கும்.

இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'மோனா லிசா விளைவு'. ஆனால் மோனா லிசா நம்மைப் பார்க்கவே இல்லை! ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோர்ஸ்ட்மன், லோத் இருவரும் 2019இல் அளந்து சொன்னார்கள்: அந்த அம்மாளின் பார்வை நமக்கு வலப்பக்கமாகச் சுமார் 15 டிகிரி விலகிப் போகிறது. நம் காதுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறார். இந்த விளைவுக்குப் போளூர்த் தாத்தாவின் பெயரை வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

செங்கம் பக்கத்து நடுகற்களில் முகமே மழுங்கிப்போய்விட்டது. கண்ணே தெரியாத கல்லை உருவப்படம் என்று சொல்லலாமா?
– ஆசிரியர், செங்கம்

சொல்லலாம். ஜவ்வாது மலைக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே கிடக்கும் உங்கள் வட்டாரத்தை நடுகற்களின் சுரங்கம் என்றே சொல்ல வேண்டும். இரா. நாகசாமி பதிப்பித்து, 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலைப் புரட்டினால் பல்லவர் காலத்து வீரர்கள் வரிசையாக எழுந்து வருவார்கள். வில், குத்துவாள், முன்னால் பாயும் கால், சில கற்களில் உடம்பில் தைத்த அம்பு. முகம் சிறியது. சிற்பி அதில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. இன்னார் என்று அடையாளம் சொல்லும் வேலையை எழுத்திடம் விட்டுவிட்டார்.

எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போய் மாண்டான். கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, அவனருகில் காவல் இருந்தது. கல்வெட்டு இரண்டு பேரையும் சொல்கிறது, கல்லில் இரண்டு உருவமும் இருக்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! அந்தக் காலத்து எத்தனையோ பணக்காரர்களின் பெயர் தெரியாது. உருவத்தைச் செய்யச் சொன்னவர்கள் யாரை மறக்கக் கூடாது என்று நினைத்தார்கள் என்பது அந்தக் கல்லிலேயே இருக்கிறது. எனக்கு அதுதான் உருவப்படத்தின் முதல் இலக்கணம்.

கண் பிறகு வந்தது. உங்கள் பக்கத்திலும் தருமபுரிப் பக்கத்திலும் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாகிவிட்டன. மஞ்சள் பூசுகிறார்கள், பொட்டு வைக்கிறார்கள். நேர்த்திக்கடனாகக் கண்மலர் சாத்துகிற ஊர்களில் வெறும் கல்கூட ஒரே நாளில் பார்வை பெற்றுவிடுகிறது. சிற்பி விட்டதை ஊர் செய்து முடிக்கிறது.

கிரேக்கச் சிலைகளுக்குக் கண்மணி ஏன் இல்லை?
– வந்தவாசி

இருந்தது. வண்ணத்தில் தீட்டியிருந்தார்கள், உதிர்ந்துவிட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தை ஒட்டி, ரோமானியச் சிற்பிகள் கண்மணியைக் கல்லிலேயே குடைந்துவிட்டார்கள். வண்ணம் போனாலும் பார்வை போகவில்லை.

சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் பாட்டிகளை நிறுத்தி வைத்துப் படம் எடுக்கிறார்கள். "கேமராவைப் பார்க்காதீங்க பாட்டி, இயல்பா இருங்க" என்கிறார்கள். எது இயல்பு?
– இளைஞர், ஜமுனாமரத்தூர்

பாட்டி கேமராவைப் பார்ப்பதுதான் இயல்பு. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து ஒரு கருவியை நீட்டினால் யாராக இருந்தாலும் அவரைத்தான் பார்ப்பார்கள். பார்க்காதே என்று சொல்வது பாட்டியை மலையோடும் மரத்தோடும் சேர்த்துக் காட்சியாக்கும் வேலை. அந்த நிமிடம் அங்கே இரண்டு மனிதர்கள் இருந்தார்கள். படத்தில் ஒருவர் மட்டும், அதுவும் தன்னை யாரோ பார்ப்பது தெரியாதவர்போல இருக்க வேண்டுமென்றால், அது பொய்ப்படம்.

இது இன்று தொடங்கியதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். உங்கள் மலையாளிப் பழங்குடியும் அதில் உண்டு. (கேரளத்தோடு குழப்பிக்கொள்ளும் வாசகர்களுக்காக: மலையை ஆள்கிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகத் தங்கள் கதை சொல்கிறவர்கள்.) தலையை அளந்தார், மூக்கை அளந்தார். அந்தக் காலத்து மானிடவியல் படங்களில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுப்பது வழக்கம். பக்கவாட்டுப் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்க முடியாது, நாம்தான் அவரைப் பார்க்கலாம். படத்தின் கீழே குலத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. எடுத்தனூரில் நாய்க்குக் கிடைத்த மரியாதை இங்கே மனிதருக்குக் கிடைக்கவில்லை.

நேரே பார்த்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஷர்பத் குலாவின் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்: சிவப்பு முக்காடு, பச்சைக் கண், சுடும் பார்வை. ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானில் இருந்த ஆப்கன் அகதி முகாமில் எடுத்தது. 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியோகிராபிக்' அட்டையில் வந்தது. உலகமே அந்தக் கண்ணைப் பற்றிப் பேசியது, எழுதியது. 17 ஆண்டுகள் கழித்து, 2002இல்தான் அவரைத் தேடிப் பிடித்தார்கள். அதுவரை அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அந்தப் பார்வையை மர்மம் என்றார்கள், அச்சம் என்றார்கள். எனக்குக் கோபம் தெரிகிறது. அந்நியர் ஒருவர் படம் எடுப்பது அந்தச் சிறுமிக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

ஆகவே, தம்பி, அடுத்த முறை யாராவது பாட்டியை நிறுத்தினால் மூன்று காரியம் கேளுங்கள். பாட்டிக்குச் சம்மதமா என்று கேட்டீர்களா? பேர் கேட்டீர்களா? பிரிண்ட் போட்டு அனுப்புவீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் பாட்டி எங்கே பார்ப்பது என்பதைப் பாட்டியே முடிவு செய்யட்டும்.

ஆதாருக்குக் கண்ணைப் படம் எடுத்தார்களே, அதுவும் உருவப்படம்தானா?
– சிங்காரப்பேட்டை

அது கருவிழியின் பதிவு, பார்வையின் பதிவு அல்ல. ஷர்பத் குலாவை இவர்தான் என்று உறுதி செய்ததும் கருவிழி ஒப்பீட்டால்தான். அந்தக் கணக்கைப் போட்ட ஜான் டாக்மனின் முறைதான் உலகெங்கும் கருவிழிச் சோதனைக்கு அடிப்படை. அந்தப் பெண் யார் என்று கணினி சொல்லிவிட்டது. ஏன் அப்படிப் பார்த்தார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

எங்கள் காவலூரில் வானத்தைப் பார்க்கும் பெரிய கண் இருக்கிறது. அதற்கும் உங்கள் தலைப்புக்கும் சம்பந்தம் உண்டா?
– காவலூர்

உண்டு, நிறையவே உண்டு. வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் உங்கள் மலையிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கருவிகள் உண்டு. வெறுங்கண்ணால் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கோ ஒரு பழைய உத்தி உண்டு. மங்கலான நட்சத்திரத்தை நேரே உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரக்கண்ணில் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கெட்டி, மங்கிய ஒளிக்கு அதன் சுற்றுப்புறம்தான் கெட்டி. இன்று இரவே உங்கள் ஊர் இருட்டில் சோதித்துப் பாருங்கள், சென்னையில் எங்களுக்கு அந்த இருட்டு இல்லை.

இப்போது படத்துக்கு வாருங்கள். மோனா லிசாவின் சிரிப்பு ஏன் வந்து வந்து போகிறது என்பதற்கு ஹார்வர்டின் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000இல் சொன்ன விளக்கமும் இதே ஓரக்கண்தான். அந்தச் சிரிப்பு நுணுக்கமான கோட்டில் இல்லை, கன்னத்து மென்னிழலில் இருக்கிறது. வாயை உற்றுப் பார்த்தால் சிரிப்பு கரையும். கண்ணைப் பார்த்தால், வாய் ஓரப்பார்வைக்குப் போய்ச் சிரிக்கத் தொடங்கும். ஓவியர் கண்ணை மட்டும் வரையவில்லை. பார்க்கப்போகிறவரின் கண் எப்படி வேலை செய்யும் என்பதையும் சேர்த்து வரைந்திருக்கிறார்.

சாமி சிலைக்குக் கண்ணைக் கடைசியில் திறப்பது ஏன்?
– ஆரணி

திறந்த பிறகு அது உளி படும் பொருளாக இருக்க முடியாது என்பதால். நயனோன்மீலனம் என்ற அந்தச் சடங்கில் ஸ்தபதி பொன்னூசியால் கண்ணைத் திறக்கிறார். திறந்த கண் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கும் முறை இருக்கிறது: கண்ணாடி, பசுவும் கன்றும், தானியம், கன்னிப்பெண்கள் என்று மங்கலமானவை.

இலங்கையில் இது இன்னும் கடுமை. ஈழத்தமிழரான ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் புத்தர் சிலைக்குக் கண் தீட்டும் சடங்கை விவரித்திருக்கிறார். கலைஞர் சிலையை நேரே பார்க்க மாட்டார். சிலைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே தூரிகையைத் தோளுக்கு மேலாக நீட்டித் தீட்டுவார். முடிந்ததும் அவர் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துப் போவார்கள். அவருடைய முதல் பார்வை மனிதர்மேல் விழக் கூடாது.

இரண்டு ஊரிலும் நம்பிக்கை ஒன்றுதான். கண் பார்க்கும் பொருளா, பார்க்கப்படும் பொருளா என்று கேட்டால், சிற்பிகள் தயங்காமல் பார்க்கும் பொருள் என்பார்கள். 

காலண்டர் சாமிகள் மட்டும் ஏன் எப்போதும் நேராகவே பார்க்கிறார்கள்?
– மளிகைக் கடைக்காரர், ஆலங்காயம்

கும்பிடுகிறவர் எங்கே நிற்பார் என்று ஓவியருக்குத் தெரியும். காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்கும் தெரிய வேண்டும் என்ற நாடக மேடைப் பாடம் அவருடைய முருகன் கண்ணிலும் லட்சுமி கண்ணிலும் இருக்கிறது. உங்கள் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படம் அவர் வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

ரவிவர்மா படங்களில் பெண்கள் நம்மைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறார்களே?
– வேலூர்

அந்த 'எங்கோ'வில்தான் கதை வைக்கிறார். 1893இல் வரைந்த 'இதோ அப்பா வருகிறார்' படத்தில் அவருடைய மகள் மகாபிரபா, குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிறார். காலடியில் நாயும் இருக்கிறது. வருகிற அப்பா படத்தில் இல்லை. அந்த ஆளை வரையாமலேயே வரவைத்துவிட்டது பார்வை. சட்டத்துக்கு வெளியே ஒரு மனிதரை நிற்க வைப்பது பெரிய வித்தை. நாடகத்திலும் சினிமாவிலும் இன்றுவரை அதைத்தான் செய்கிறோம்.

நம் பக்கத்தில் பார்வைக்காகவே போய்ப் பார்க்க வேண்டிய பழைய ஓவியம் ஒன்று சொல்லுங்கள்.
– திருவண்ணாமலை

பனைமலை. விழுப்புரம் மாவட்டத்தில், ஏரிக்கரைக் குன்றின்மேல் பல்லவன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், காலம் கி.பி. 700ஐ ஒட்டியது. ஒரு சிறு சன்னதியின் சுவரில் பார்வதி. தலைக்கு மேல் குடை, உயர்ந்த மகுடம், ஒரு கால் மடங்கியிருக்கிறது, உடம்பு ஒயிலாகச் சாய்ந்திருக்கிறது. தலை ஒரு பக்கம் தணிந்து, இமை பாதி இறங்கி, சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். ஆடுகிறவரின் ஓவியம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. நமக்கு மிஞ்சியது பார்க்கிறவள் மட்டும்.

அந்த இமையைக் கவனியுங்கள். அகல விரிந்த கண்ணாக இருந்தால் வியப்பு என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். பாதி இறங்கிய கண்ணில் ரசனையும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, 'இது எனக்குத் தெரிந்த ஆட்டம்தான்' என்கிற நெருக்கமும் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் வாசலில் நின்றுகொண்டு ஒரு பெண் பார்ப்பதைப் பல்லவ ஓவியர் வரைந்திருக்கிறார். பார்க்கப்படும் பெண்கள் சுவர் சுவராக இருக்கிறார்கள். தானே பார்த்து மகிழ்கிற பெண் அபூர்வம். வண்ணம் உதிர்ந்துகொண்டே இருக்கிறது, தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், சுவரைத் தொடாதீர்கள்.

ரமண மகரிஷியின் அந்த ஒரு படம் மட்டும் ஏன் எல்லா வீட்டிலும்?
– கண்ணமங்கலம்

ஜி. ஜி. வெல்லிங் 1946இல் எடுத்தது. ரமணர் பார்வையாலேயே உபதேசம் செய்தவர் என்று அடியார்கள் சொல்வார்கள். அதைக் காட்டும் படம் வேண்டுமென்றால் படமெடுப்பவருக்கு விளக்கும் லென்ஸும் மட்டும் போதாது. அந்தப் படத்தில் அவர் கண் நம்மை நேராகச் சந்திக்கிறது. ஆனால் பிடித்து நிறுத்தவில்லை, எதையும் கேட்கவில்லை. கேமரா முன்னால் உட்கார்ந்தவுடன் நாமெல்லாம் 'நல்லா வரணுமே' என்று ஒரு முகத்தைத் தயார் செய்கிறோம் இல்லையா, அந்தத் தயாரிப்பு அவரிடம் துளியும் இல்லை. 1950 ஏப்ரலில், அவருடைய கடைசி நாட்களில், பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெசோனும் ஆசிரமத்துக்கு வந்து படங்கள் எடுத்தார். உலகப்புகழ் பெற்ற கை அது. இருந்தாலும் வீடுகளில் தொங்குவது வெல்லிங் எடுத்ததுதான், மக்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மாருதி வரைந்த பெண்கள், இளையராஜா வரைந்த பெண்கள்: யார் கண் அழகு?
– வாணியம்பாடி

போட்டி வைக்க முடியாது, இருவரும் வெவ்வேறு வேலைக்குக் கண் வரைந்தார்கள். மாருதியின் (1938–2023) அட்டைப்படப் பெண் கடையில் தொங்கும் இதழிலிருந்து உங்களை நிறுத்த வேண்டும். அதனால் அந்தக் கண் பெரியது, ஈரமானது, உங்களுக்கே உரியதுபோல இருப்பது. இரண்டு தலைமுறை வாசகிகள் அதைப் பார்த்து மை தீட்டிக்கொண்டார்கள்.

கும்பகோணம் பக்கத்துக்காரரான எஸ். இளையராஜாவின் பெண்கள் கருத்த நிறத்தவர்கள். சமையலறையிலும் வாசல்படியிலும் இருக்கிறார்கள், ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது. பலர் நம்மைக் கவனிக்கவே இல்லை. தங்கள் யோசனையில் இருக்கிறார்கள், அதைக் கலைக்க நமக்குத்தான் தயக்கமாக இருக்கிறது. கருப்பு நிறப் பெண்ணை அட்டைப்படத்துக்கு ஆகாது என்று வைத்திருந்த நாட்டில் அவர் அந்த நிறத்தின் ஒவ்வொரு பளபளப்பையும் பொறுமையாகத் தீட்டினார். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று, நாற்பதுகளின் தொடக்கத்தில். இன்னும் எத்தனை முகங்கள் வரவேண்டியிருந்தன! இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

கண்ணே வரையாமல் பார்வையைக் காட்ட முடியுமா?
– ஓவிய மாணவர், செய்யாறு

ஓவியர் ஆதிமூலத்தைப் பாருங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஏறத்தாழ நூறு காந்திச் சித்திரங்கள், கறுப்புக் கோட்டிலேயே. தலை தாழ்ந்திருக்கும் கோணம், மூக்குக் கண்ணாடி, வளைந்த முதுகு. பார்வை கண்ணில் தொடங்குகிறது என்று நினைக்கிறோம், கழுத்தில்தான் தொடங்குகிறது.

என் அப்பாவுக்கு உயிரோடு இருந்தபோது எடுத்த படமே இல்லை. இறந்த அன்று எடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரர் கண் திறந்ததுபோல வரைந்து கொடுத்தார். அது அப்பாவின் பார்வைதானா?
– ஆலங்காயம்

உங்கள் வீட்டில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அப்படி ஒரு படம் இருக்கிறது. நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு எடுத்த படம். டச்சப் கலைஞர் மெல்லிய தூரிகையால் மூடிய இமைமேல் கண்ணை வைப்பார். அவர் உங்கள் அப்பாவைப் பார்த்திருக்க மாட்டார். தனக்குத் தெரிந்த பொதுவான ஒரு கண்ணைத்தான் வரைந்திருப்பார். ஆகவே அளவெடுத்துக் கேட்டால், அது அப்பாவின் கண் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது பார்வையை. அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது அப்பா எப்படிப் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். கோபத்தில் எப்படி, சம்பளத்தன்று எப்படி, நீங்கள் பாஸானபோது எப்படி என்று. டச்சப் கலைஞர் இடத்தைக் காலியாக விடாமல் இரண்டு கண் வைத்துக் கொடுத்தார், மீதியை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். படத்தின் பின்னால் அப்பாவின் பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணிடம் கேட்க ஒன்றும் இருக்காது, பெயரிடம் இருக்கும்.

செல்ஃபியில் ஏன் என் பார்வை எப்போதும் கொஞ்சம் தப்பியே இருக்கிறது?
– திருப்பத்தூர்

லென்ஸைப் பார்க்காமல் திரையில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். படம் உண்மையைச் சொல்லிவிட்டது.

திருஷ்டிப் பொம்மைக்குக் கண் ஏன் அவ்வளவு பெரிது?
– கலசபாக்கம்

கட்டுகிற வீட்டை வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் பொம்மை அவர்களைப் பார்த்துவிட வேண்டும்.

ஆம்பூர் பக்கம் ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியம் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. உலகத்தில் பழைய முகம் எதுவாவது முழுசாகக் கிடைத்திருக்கிறதா?
– ஆம்பூர்

ஆர்மாமலையில் இன்னும் மிச்சமிருக்கிற வண்ணத்துக்கே நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டு மழையையும் புகையையும் தாங்கியிருக்கிறது.

முழு முகம் வேண்டுமென்றால் எகிப்து. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், ஃபயூம் வட்டாரத்தில், இறந்தவரின் பதப்படுத்திய உடல்மேல் முகம் இருக்கும் இடத்தில் அவருடைய உருவப்படத்தை வைத்துக் கட்டினார்கள். மரப்பலகைமேல் பெரும்பாலும் மெழுகில் குழைத்த வண்ணம். வறண்ட மணல் காப்பாற்றிக் கொடுத்தது, ஏறத்தாழ தொள்ளாயிரம் படங்கள் கிடைத்திருக்கின்றன. பெரிய, கரிய, நம்மை நோக்கிய கண்கள். தாடி முளைக்கத் தொடங்கிய பையன், காதில் முத்துத் தொங்கும் அம்மாள், எல்லோரும் நேற்றுப் பேருந்தில் எதிரே உட்கார்ந்து வந்தவர்கள்போல இருக்கிறார்கள். இறந்தவரோடு மண்ணுக்குள் போனவை அவை. அப்படியும் அந்த ஓவியர்கள் கண்ணில் ஒளிப்புள்ளி வைக்க மறக்கவில்லை.

கண் வரையச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மீன் வரைகிறார்கள். என்ன செய்வது?
– ஓவிய ஆசிரியர், புதூர்நாடு

மீனுக்கு இமை கிடையாது, அங்கேயிருந்து தொடங்குங்கள். இரண்டு வளைகோட்டை முனையில் சேர்த்து, நடுவே முழு வட்டம் போடுவதால்தான் மீன் வருகிறது. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வையுங்கள். கருவிழியின் மேல் விளிம்பு தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியாது, மேல் இமை அதை மூடியிருக்கும். முழு வட்டமும் தெரிந்தால் எதிரே இருப்பவர் பயந்திருக்கிறார்.

அடுத்து வெள்ளை. விழியின் வெள்ளையை வெறும் தாளாக விட்டுவிடுகிறார்கள். அங்கே மேல் இமையின் நிழல் விழுகிறது, மூலையில் செம்மை இருக்கிறது. அந்த வெள்ளை நமக்குப் பெரிய சொத்து என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கொபயாஷி, கொஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் பல குரங்கினங்களின் கண்களோடு மனிதக் கண்ணை ஒப்பிட்டார்கள். வெள்ளை இவ்வளவு அகலமாக வெளியே தெரிவது மனிதருக்குத்தான். எங்கே பார்க்கிறோம் என்பதை மற்றவருக்குக் காட்டிக்கொடுக்கும் கண் நம்முடையது. ஒளித்துவைக்கத் தெரியாத இந்தக் கண்ணால்தான் உருவப்படம் என்ற கலையே சாத்தியமாயிற்று.

கடைசியாக ஒளிப்புள்ளி. ஜன்னல் எந்தப் பக்கமோ இரண்டு கண்ணிலும் அந்தப் பக்கமே வைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் இடது, ஒன்றில் வலது என்று வைத்தால் பார்வை உடைந்துவிடும். வைத்த பிறகு வகுப்பில் எழும் சத்தத்தைக் கேளுங்கள். "சார், இவ முழிச்சிட்டா!" என்று ஒரு பிள்ளையாவது கத்தும்.

எங்கள் ஆட்டை வரைந்தேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. ஏன்?
– ஆறாம் வகுப்பு, ஜமுனாமரத்தூர்

பார்த்தது கண்ணு! நமக்கு இரண்டு கண்ணும் முன்னால் இருக்கிறது, ஆட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்று. அது முகத்தைத் திருப்பாமல் ஒற்றைக் கண்ணாலேயே உன்னைப் பார்த்துக்கொண்டு இலை தின்னும். தலைக்குப் பின்னால் கொஞ்ச இடத்தைத் தவிர சுற்றிலும் அதற்குத் தெரியும், நாயோ நரியோ வந்தால் ஓட வேண்டுமே. நீ ஆட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்திருப்பாய். அடுத்த தடவை பக்கவாட்டில் உட்கார். கண்மணியை வட்டமாகப் போடாதே, படுத்த செவ்வகமாகப் போடு. வரைந்து அனுப்பு, அடுத்த இதழில் போடுகிறோம். ஆட்டின் பெயரையும் எழுது.